குரலையும் மிருதங்கத்தையும் திருத்த எந்த மென்பொருள்?

சென்ற ஆண்டு எங்கள் குழுவின் பாட்டு ஒன்றை வெளியே ஒரு ஸ்டூடியோவில் மிக்ஸ் செய்யக் கொடுத்தோம். குரல், மிருதங்கம், கீபோர்டு மூன்றும் என் வீட்டில் பதிவு செய்தவை. பாட்டு திரும்பி வந்ததும் எங்கள் பாடகி அக்கா ஹெட்ஃபோனில் கேட்க உட்கார்ந்தார். பல்லவி முடிவதற்குள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டார். "குரல் என்னுதுதான். ஆனா நான் பாடினது இது இல்லையே" என்றார். தோடி ராகத்தில் காந்தார ஸ்வரத்தை அவர் அசைத்துப் பாடியிருந்தார். திரும்பி வந்த பாட்டில் அந்தக் காந்தாரம் கோடு போட்டது போல நேராக நின்றது. மிருதங்கத்திலும் அப்படித்தான். ஒவ்வொரு அடியும் கட்டத்துக்குள் அழகாக உட்கார்ந்திருந்தது, நடை மட்டும் காணாமல் போயிருந்தது.

மிக்ஸ் செய்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கீபோர்டு வாசிப்பைக் குறித்து வைத்த மிடி, முதலிலிருந்தே கிரிட்டில், அதாவது திரையில் தெரியும் தாளக் கோடுகளில், துல்லியமாக இருந்தது. அதற்கு ஒத்துப்போகட்டும் என்று குரலையும் மிருதங்கத்தையும் இழுத்து வைத்திருக்கிறார். மென்பொருளைத் திறந்ததும் கண்ணில் படும் பட்டன்கள் எல்லாம் அந்த வேலைக்கானவையே: எல்லா ஸ்வரத்தையும் சரியான சுருதிக்குக் கொண்டுவா, எல்லா அடியையும் கிரிட்டுக்குக் கொண்டுவா. எனக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு. பாடியவரும் வாசித்தவரும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், மிடி அவர்களைத் தேடி வரட்டும்.

அதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் உண்டு. மிடியில் ஒலியே கிடையாது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது என்ற எண்கள்தான் இருக்கின்றன. 1983இல் வந்த தரம் அது, அழுத்தத்துக்கு இன்றும் பெரும்பாலும் 0 முதல் 127 வரையிலான எண்தான். அந்த எண்களை ஆயிரம் முறை மாற்றினாலும் ஒலி கெடாது. பதிவான குரல் அப்படியில்லை. நீட்டினாலும் சுருக்கினாலும் சுருதி மாற்றினாலும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயிர் போகும். அப்படியென்றால் எதை நகர்த்துவது நியாயம்?

அதனால் வசதிகளை எண்ணிப் பார்க்காமல், 'மிடியை மனிதர் பக்கம் கொண்டுவருவது எதில் எளிது' என்ற ஒரே கேள்வியோடு லாஜிக், கியூபேஸ், ரீப்பர், ஏபில்டன் லைவ் போன்ற இசைப் பதிவு மென்பொருள்களைப் பார்க்கத் தொடங்கினேன்.

எங்கள் நிலவரம்

சிங்கப்பூரின் செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. படுக்கையறைதான் பதிவறை. மிருதங்கம் வாசிக்கும் தம்பி தேசிய சேவையில் இருக்கிறான். வெள்ளி இரவு முகாமிலிருந்து வருவான், ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். ஆக சனிக்கிழமைதான் எங்களுக்குப் பதிவு நாள். இரவு பத்தரைக்கு மேல் பக்கத்து வீட்டுக்கு மிருதங்கம் கேட்கக்கூடாது. பகலில் பாய லேபார் விமானத் தளத்திலிருந்து கிளம்பும் போர் விமானம் தலைக்கு மேல் போகும். விடிகாலையில் பதிவு செய்யலாம் என்றால் புளோக்குக்குக் கீழே மரத்தில் குயில் கூவும். குயில் குரல் பாட்டில் கேட்க எவ்வளவு இனிமை, மைக்கில் விழுந்தால் எவ்வளவு தலைவலி!

இதன் விளைவு, ஒரு சரணத்தை ஏழெட்டு டேக் எடுத்து, விமானம் இல்லாத வரிகளைப் பொறுக்கி ஒட்ட வேண்டும். இதைக் காம்பிங் என்கிறார்கள். எங்களுக்கு இது முதல் தேவை. இரண்டாவது, கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, கெடாமல் சுருதி திருத்துவது. மூன்றாவது, கிளிக் (காதில் தட்டும் தாள ஒலி) இல்லாமல் பாடிய விருத்தத்துக்குப் பின்னால் மிடி வயலின்களை உட்கார வைப்பது. நான்காவது, மிருதங்கத்தின் நடையை மிடிக்கு ஏற்றுவது. கீபோர்டு நண்பரிடம் மேக் இருக்கிறது. என்னிடமும் தம்பியிடமும் விண்டோஸ் லேப்டாப்.

ஏப்ரல் மாதம் தமிழ் மொழி விழாவுக்காக ஒரு நிகழ்ச்சியில் பாட ஒப்புக்கொண்டிருந்தோம். ஒரு விருத்தம், அதைத் தொடர்ந்து மிஸ்ர சாபுவில் ஒரு பாட்டு. அதையே சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டேன்.

காம்பிங்கில் பெரிய வித்தியாசம் இல்லை

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். லாஜிக்கில் டேக்குகள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நிற்கும், வேண்டிய பகுதியின் மேல் மவுஸை இழுத்தால் போதும், அது மேலே வந்துவிடும். கியூபேஸிலும் அப்படியே. ரீப்பரில் இந்த வேலை முன்பு கொஞ்சம் சுற்றிவளைப்பாக இருந்தது, 2023இல் வந்த ஏழாம் பதிப்பில் லேன்களும் (டேக்குகளுக்குத் தனித்தனி வரிசைகள்) இழுத்துத் தேர்ந்தெடுக்கும் வசதியும் வந்தபிறகு குறையில்லை. ஏபில்டன் லைவில் 2021இல் பதினோராம் பதிப்போடு வந்தது. எதை எடுத்தாலும் இந்த வேலை நடக்கும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், எந்த மென்பொருளுக்கும் பொருந்தும். தமிழ்ப் பாட்டில் வெட்டு எங்கே போடுகிறோம் என்பது முக்கியம். வல்லின மெய்க்கு முன்னால் ஒரு நொடித் துணுக்கு மௌனம் இருக்கும். 'பற்று', 'எட்டு' போன்ற சொற்களில் இரட்டிக்கும் எழுத்துக்கு நடுவே அது தெளிவாகத் தெரியும். அங்கே வெட்டினால் காதுக்கு எட்டாது. நெடில் உயிரில் கமகம் ஓடும்போது வெட்டினால், எவ்வளவு நீளக் கிராஸ்ஃபேட் (ஒன்று தேய மற்றது வளரும் இணைப்பு) கொடுத்தாலும் இரண்டு அக்காக்கள் ஒரே நேரத்தில் பாடுவது போல ஒரு குழைவு கேட்கும்.

குயிலுக்கும் வழி இருக்கிறது. ரீப்பரில் ஒரு ஆடியோத் துண்டின் மேலேயே ஸ்பெக்ட்ரல் எடிட் போட்டு, குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் குறிப்பிட்ட நேரத்துக்குக் குறைக்கலாம். குயிலின் கூவல் கீழிருந்து மேலே ஏறும் ஒரு கோடாகத் தெரியும். அதைச் சின்னச் சின்னப் பெட்டிகளாகப் பிடித்து இறக்கினேன். அக்காவின் குரல் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

கமகம்

இங்கேதான் எனக்கு மாதக்கணக்கில் நேரம் போனது.

சுருதி திருத்தும் மென்பொருள்கள் எல்லாம் குரலை முதலில் 'ஸ்வரங்களாக'த் துண்டு போடுகின்றன. ஒரு துண்டுக்கு ஒரு மையச் சுருதி, அந்த மையத்தைச் சுற்றி ஒரு ஆட்டம். நேராக நிற்கும் ஸ்வரத்துக்கு இது சரி. தோடியின் காந்தாரம் நிற்பதே இல்லை. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அது அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுக்குத்தான் காந்தாரம் என்று பெயர். மென்பொருள் இதை எப்படிப் படிக்கும்? சில நேரம் பெரிய ஆட்டம் கொண்ட ஒரே துண்டாக, சில நேரம் ரி, ம, ரி, ம என்று நாலைந்து துண்டுகளாக. நாலைந்தாகப் படித்த பிறகு 'எல்லாவற்றையும் சரியாக்கு' என்று அழுத்தினால் படிக்கட்டு கிடைக்கும். ஒன்றாகப் படித்து ஆட்டத்தைக் குறைத்தால் நேர்கோடு கிடைக்கும். எங்கள் பாட்டில் நடந்தது இரண்டாவது.

மெலடைன் இதில் தனி இடம் பிடிக்கிறது. மியூனிக்கில் உள்ள செலிமனி நிறுவனம் செய்வது. அதில் மையச் சுருதி, ஆட்டம், மெதுவான நழுவல் மூன்றுக்கும் தனித்தனிக் கருவிகள். மையத்தை மட்டும் ஐந்து சென்ட், பத்து சென்ட் (அரைச்சுவரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) தூக்கிவிட்டு ஆட்டத்தைத் தொடாமல் விடலாம். தவறாகப் பிரித்த துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கலாம். நான் முதலில் செய்வது இந்தச் சேர்ப்பு வேலையைத்தான். ஒரு கமகம், ஒரு துண்டு. அது முடிந்த பிறகே சுருதியைத் தொடுவேன். இதில் மிகக் குறைந்த விலைப் பதிப்பான எசென்ஷியலில் ஆட்டத்தையும் நழுவலையும் தனியாகத் தொடும் கருவிகள் இல்லை, அதற்கு மேலுள்ள அசிஸ்டன்ட் வேண்டும். ஒற்றைக் குரலுக்கு அதற்கும் மேலே போகத் தேவையில்லை.

லாஜிக்கின் ஃபிளெக்ஸ் பிட்ச் 2013 முதல் அதனுள்ளேயே இருக்கிறது, தனியாகக் காசு கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் சின்னப் புள்ளிகள் இருக்கும்: மையம், தொடக்க நழுவல், முடிவு நழுவல், ஆட்டம், சத்தம், குரலின் தன்மை. கையடக்கமான அமைப்பு. மெல்லிசைக்கு, திரைப்பாடல் பாணிக்கு, இதுவே போதும் என்று தைரியமாகச் சொல்வேன். கனமான கமகம் வரும் இடத்தில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகள் சேரும் இடம் கொஞ்சம் உறுத்தலாக வந்தது, அதைக் கையால் ஒவ்வொன்றாகச் சீர்செய்ய வேண்டியிருந்தது.

கியூபேஸின் வேரிஆடியோவும் இதே இனம். துண்டை ஒரு பக்கம் சாய்ப்பது, வளைவைத் தளர்த்துவது எல்லாம் செய்யலாம். திருத்துவதில் மெலடைனுக்கு ஒரு படி கீழே என்பது என் காது சொல்வது. அதிலுள்ள வேறொரு வசதிதான் என்னைக் கட்டிப்போட்டது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ரீப்பரோடு வரும் ரீட்யூன் எளிமையானது, கமகத்துக்கு நம்பி இறங்க முடியாது. ஆனால் ஏஆர்ஏ என்ற இணைப்பின் வழியாக மெலடைனை ரீப்பருக்குள்ளேயே திறக்கலாம், குரலைத் தனியாக ஏற்றி இறக்கும் தொல்லை இல்லை. லாஜிக்கிலும் கியூபேஸிலும் இந்த இணைப்பு உண்டு. ரீப்பரில் இன்னொரு எளிய வழியும் எனக்குப் பிடித்தது. டேக்கின் மேலேயே சுருதிக்கு ஒரு வளைகோடு வரையலாம். துண்டு போடும் வேலையே கிடையாது. ஒரு வரியின் கடைசி ஸ்வரம் மட்டும் கொஞ்சம் தாழ்ந்துவிட்டதா, அந்த இடத்தில் கோட்டை மெல்லத் தூக்கி மெல்ல இறக்கினால் போதும். கமகம் அப்படியே இருக்க, முழுவதும் சேர்ந்து மேலே வரும். அக்காவின் குரலில் நான் செய்த திருத்தங்களில் பாதி இந்த வகைதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. அக்கா ஐந்தரைக் கட்டையில் பாடுகிறார், மேற்கத்தியக் கணக்கில் ஜி ஷார்ப். சுருதிப் பெட்டி 440ஐ (மேற்கத்திய 'ஏ' ஸ்வரத்துக்கு வழக்கமான 440 ஹெர்ட்ஸ்) அடிப்படையாக வைத்திருந்ததா என்று பதிவுக்கு முன் பார்க்காமல் விட்டால், திரையில் எல்லா ஸ்வரமும் ஒரே அளவு தள்ளி நிற்கும். உடனே 'எல்லாம் தப்பு' என்று தோன்றும். தப்பே இல்லை, அளவுகோல்தான் தள்ளி இருக்கிறது. மென்பொருளின் அடிப்படைச் சுருதியை மாற்றுங்கள், மிடி வாத்தியங்களையும் அதே அளவு நகர்த்துங்கள். மிருதங்கத்தின் வலந்தலையும் (வலப்பக்கமும்) அந்தச் சுருதிக்கே கூட்டியிருப்பதால், குரலை மட்டும் 440க்கு இழுத்தால் மிருதங்கத்தோடு சண்டை வரும்.

விருத்தத்தின் பின்னால் மிடி

விருத்தத்துக்குத் தாளம் கிடையாது. கிளிக் போட்டுப் பாடச் சொன்னால் அது விருத்தமாகவும் இருக்காது. ஆனால் பின்னணியில் மிடி வயலின்கள் அந்த மூச்சோடு சேர்ந்து மாற வேண்டும். பலர் இந்த இடத்தில் கிரிட்டையே மறந்துவிட்டு, காதால் கேட்டு மிடியை வாசித்துவிடுகிறார்கள். அது நல்ல வழிதான். ஆனால் பிறகு ஒரு ஸ்வரக்கூட்டத்தை மாற்ற நினைத்தால் எல்லாமே மிதந்துகொண்டிருக்கும்.

கியூபேஸில் டைம் வார்ப் என்றொரு கருவி இருக்கிறது. ஆடியோ தன் இடத்திலேயே நிற்கும். நான் கிரிட்டின் கோட்டைப் பிடித்து, அக்கா வார்த்தையைத் தொடங்கும் இடத்துக்கு இழுப்பேன். கோட்டோடு சேர்ந்து மிடி தானாக நகர்ந்து வரும். இரண்டரை நிமிட விருத்தத்துக்கு முப்பது கோடுகள் இழுத்தேன், ஒரு மாலை வேலை. முடித்தபோது வயலின்கள் அக்கா மூச்சுவிடும் இடத்தில் நின்றன, அவர் இழுக்கும் இடத்தில் இழுத்தன. இதைக் கேட்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

லாஜிக்கில் 2018இல் வந்த ஸ்மார்ட் டெம்போ இதையே தானாகச் செய்யப் பார்க்கும். வாசித்ததைக் கேட்டு டெம்போ வரைபடம் (எங்கே எவ்வளவு வேகம் என்ற குறிப்பு) போட்டுத் தரும். மிருதங்கமோ கிடாரோ இருந்தால் வியக்க வைக்கும். தனிக் குரல் விருத்தத்தில் அதற்குப் பிடிப்பு கிடைப்பதில்லை, கையால் திருத்த வேண்டியிருக்கும்.

ரீப்பரிலும் முடியும். ஆடியோத் துண்டுகளை 'நேரம்' என்றும் மிடியை 'தாளம்' என்றும் ஒட்டவைத்துவிட்டு, டெம்போக் குறிகளை நகர்த்த வேண்டும். எஸ்டபிள்யூஎஸ் என்ற இலவச நீட்சியைச் சேர்த்தால் கிரிட் கோட்டை மவுஸ் இருக்கும் இடத்துக்கு இழுக்கும் கட்டளையும் கிடைக்கும். ஆனால் இவையெல்லாம் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஒரு வாரம் பிடித்தது. ரீப்பரின் இயல்பே அதுதான்: கேட்டால் தரும், கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

ஏபில்டன் லைவில் வார்ப் முறை. அதன் இயல்பான போக்கு ஆடியோவைத் தாளத்துக்கு நீட்டுவது. வேண்டிய ஆடியோவையே டெம்போவுக்குத் தலைவனாக்கும் வழியும் உண்டு. நீளமான குரல் பதிவை உள்ளே கொண்டுவரும் முன், நீண்ட ஒலிகளைத் தானாக வார்ப் செய்யும் அமைப்பை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேட்காமலேயே நீட்டல் வேலை தொடங்கிவிடும்.

மிருதங்கத்தின் நடை

தம்பியின் மிருதங்கத்துக்கு இரண்டு மைக், வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு (இடப்பக்கத்துக்கு) ஒன்று. எந்த மென்பொருளாக இருந்தாலும் இரண்டு டிராக்கையும் குழுவாகக் கட்டிவிட்டுத்தான் கத்தரிக்கோலை எடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் சில மில்லி விநாடி நகர்த்தினால் அடியின் கனம் கரைந்து மெலிந்துவிடும். லாஜிக், கியூபேஸ், ரீப்பர், ப்ரோ டூல்ஸ் நான்கிலும் குழுவாகத் திருத்தலாம்.

மென்பொருள் அடிகளைக் கண்டுபிடிப்பது ஒலி திடீரென எழும் இடத்தை வைத்து. 'நம்', 'தீம்' எல்லாம் பிடிபடும். தொப்பியில் உள்ளங்கையை அழுத்தி இழுக்கும் கும்கிக்குக் கூர்மையான தொடக்கம் கிடையாது, அதைத் தவறவிடும், அல்லது தவறான இடத்தில் குறி வைக்கும். அதன்பின் நீட்டிச் சுருக்கினால் கும்கி அழுவது போலக் கேட்கும். அதனால் மிருதங்கத்தில் நீட்டல் வேண்டாம். தவிர்க்க முடியாமல் ஓர் அடியை நகர்த்த வேண்டுமானால் வெட்டி நகர்த்தி, சிறு கிராஸ்ஃபேட் கொடுங்கள். ரீப்பரும் கியூபேஸும் நீட்டலுக்குப் பயன்படுத்துவது ஸ்ப்லேன் நிறுவனத்தின் ஒரே எலாஸ்டிக் இயந்திரம்தான், எனவே இதில் ஒலித்தரத்தை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடமில்லை.

நான் செய்ய விரும்பியது வேறு. மிஸ்ர சாபு என்றால் தகிட தகதிமி, மூன்றும் நாலும். தம்பி வாசிக்கும்போது நாலின் தொடக்கம் கிரிட்டைவிட இம்மி பிந்தி விழுகிறது. நான் சொன்னபோது, "அண்ணே, அங்கதான் பாட்டு சாயுது" என்றான். அந்தச் சாய்வு மிடியிலும் வர வேண்டும். கியூபேஸில் மிருதங்க ஆடியோவின் அடிகளிலிருந்து ஒரு க்ரூவ் வார்ப்பை (அடிகள் விழும் இடங்களின் அச்சை) எடுத்து, மிடி பேஸுக்கும் தாளக் கருவிகளுக்கும் குவாண்டைஸாகப் போடலாம், அதாவது அவற்றின் அடிகளை அந்த இடங்களுக்கு நகர்த்தலாம். லாஜிக்கிலும் இதே வேலை உண்டு, அதில் ஒரு டிராக்கையே க்ரூவ் டிராக்காக வைத்து மற்றவற்றைப் பின்தொடரவும் விடலாம். அது எனக்குக் கியூபேஸைவிட எளிதாகவே பட்டது. ஏபில்டன் லைவில் ஒலியிலிருந்து க்ரூவ் எடுப்பது இரண்டு கிளிக் வேலை. ரீப்பரில் மேலே சொன்ன நீட்சியின் உதவியோடுதான்.

மிடியில் கமகம் எழுதுவது

ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் மிடி எண்ணான பிட்ச் பெண்டுக்கு 16,384 படிகள், நடுவே 8192. மேலும் கீழும் இரண்டு அரைச்சுவரம் என்பது வழக்கமான எல்லை. நாகஸ்வரத்துக்கு அது போதாது, நான் 12 என்று வைப்பேன். அப்போதும் ஓர் அரைச்சுவரத்துக்கு ஏறத்தாழ 680 படிகள் கிடைக்கும், வளைவு மழமழவென்றே இருக்கும். முக்கியமாக, வாத்தியத்திலும் எடிட்டரிலும் ஒரே எல்லை இருக்க வேண்டும். இல்லையென்றால் வரைந்தது ஒன்று, கேட்பது ஒன்று.

பிட்ச் பெண்ட் அந்த மிடி சேனல் முழுவதையும் வளைக்கும் என்பது பலர் தடுமாறும் இடம். ஒத்து நாதத்தைப் பிடித்துக்கொண்டே மேல் ஸ்வரத்தை அசைத்தால், ஒத்தும் சேர்ந்து அசையும். ஒத்தைத் தனி டிராக்கில் வைத்தால் தீர்ந்தது. ஸ்வரத்துக்கு ஒரு சேனல் கொடுக்கும் எம்பிஇ முறையும் இருக்கிறது, கியூபேஸில் நோட் எக்ஸ்பிரஷன் என்று ஒவ்வொரு ஸ்வரத்துக்குள்ளும் தனி வளைவு வரையலாம்.

இப்போது நான் முன்பு சொன்ன அந்த வசதிக்கு வருகிறேன். கியூபேஸின் வேரிஆடியோவில், பாடிய குரலிலிருந்து மிடியைப் பிரித்தெடுக்கும்போது ஒரு தேர்வு கேட்கும்: வெறும் ஸ்வரங்கள் போதுமா, தொடர்ச்சியான பிட்ச் பெண்டும் வேண்டுமா. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அக்காவின் காந்தாரத்து அசைவு முழுவதும் மிடி வளைவாக வந்துவிடுகிறது. அதை ஒரு புல்லாங்குழல் ஒலிக்குக் கொடுத்து, பிட்ச் பெண்ட் எல்லையைச் சரியாக வைத்துவிட்டால், குழல் அக்காவின் நிழல் போலப் பாடுகிறது. லாஜிக்கும் ஃபிளெக்ஸ் பிட்சிலிருந்து மிடி எடுத்துத் தரும், நான் பார்த்தவரை ஸ்வரங்கள் மட்டும் படிகளாக வரும், வளைவை நாமே வரைய வேண்டும். எனக்கு இந்த ஒரு வித்தியாசம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. மிடி மனிதரைப் பின்தொடர வேண்டும் என்று நான் தேடியதன் முழு வடிவம் அது.

மற்றவை

எஃப்எல் ஸ்டூடியோவின் பியானோ ரோலை விரும்பாதவர் குறைவு, ஒருமுறை வாங்கினால் வாழ்நாள் முழுவதும் புதுப் பதிப்பு இலவசம். பீட் அமைப்பவர்கள் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் அதன் தொடக்கப் பதிப்பில் ஆடியோ பதிவு கிடையாது, புரொடியூசர் பதிப்பு வேண்டும். ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு வழுக்கும் அதன் ஸ்லைடு பெரும்பாலும் அதன் சொந்த வாத்தியங்களோடுதான் வேலை செய்யும்.

ப்ரோ டூல்ஸ் ஆடியோ வெட்டி ஒட்டுவதில் இன்றும் கெட்டி. குறும்படம், ஒலிபரப்பு என்று பெரிய ஸ்டூடியோக்களில் வேலைக்குப் போக நினைக்கும் இளையர் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 8 ஆடியோ, 8 மிடி, 8 இன்ஸ்ட்ருமென்ட் டிராக்குகளோடு இலவச இன்ட்ரோ பதிப்பு இருக்கிறது, பழகுவதற்கு அது போதும்.

நம் ஊரோடு தொடர்புள்ள ஒன்றையும் சொல்ல வேண்டும். 1987இல் அமெரிக்காவில் தொடங்கிய கேக்வாக் மென்பொருளை 2018இல் வாங்கியது சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட பேண்ட்லேப். அதன் இன்றைய வடிவமான சோனார் விண்டோஸில் இலவசமாகவும் கிடைக்கிறது. கையில் காசே இல்லாமல் தொடங்கும் மாணவருக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். இந்தத் துறையில் நம் ஊருக்குப் பழைய உறவும் உண்டு. 1989இல் வந்த கிரியேட்டிவ் நிறுவனத்தின் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையில் ஜாய்ஸ்டிக் செருகும் துளை வழியாகவே மிடி கீபோர்டை இணைக்கலாம். நான் முதன்முதலில் கணினியில் ஒரு ஸ்வரத்தை நகர்த்திக் கேட்டது அப்படி ஓர் அட்டையில்தான்.

விலையும் என் தேர்வும்

ரீப்பரின் தனிநபர் உரிமம் 60 அமெரிக்க வெள்ளி. அதை வைத்து ஆண்டுக்கு 20,000 அமெரிக்க வெள்ளிக்கு மேல் வரவு பார்க்கும் தொழிலுக்கு 225. 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். லாஜிக் 199.99 அமெரிக்க வெள்ளி, கணினிகளில் மேக்கில் மட்டும். கியூபேஸின் ப்ரோ பதிப்பு இவை இரண்டையும் சேர்த்தாலும் அதற்கு மேலே போகும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் மென்பொருளுக்கும் 2020 முதல் பொருள் சேவை வரி உண்டு, இப்போது 9 விழுக்காடு. கணக்குப் போடும்போது அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேக் வைத்திருப்பவர், மெல்லிசையும் திரைப்பாணியும் செய்பவர் வேறெங்கும் தேடாமல் லாஜிக் எடுக்கலாம். குரல் பதிவு, பஜனை, சொற்பொழிவு, வலையொலி என்று ஆடியோ வேலையே அதிகம் என்றால் ரீப்பரும் மெலடைன் அசிஸ்டன்ட்டும் போதும், மீதிப் பணத்துக்கு நல்ல மைக் வாங்குங்கள். மேடையில் லேப்டாப்பை வைத்து வாசிக்கப் போகிறவருக்கு ஏபில்டன் லைவ். கர்நாடகக் குரலையும் மிடி வாத்தியங்களையும் ஒரே பாட்டில் சேர்த்து நெய்கிறவர்கள், அதுவும் விண்டோஸில், கியூபேஸ் ப்ரோவுக்குச் சேமிக்கலாம். நான் எட்டு மாதம் சேமித்து வாங்கினேன். தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வாங்குவதற்கு முன் உங்கள் பாட்டிலேயே ஒரு நிமிடத்தைச் சோதனைப் பதிப்பில் போட்டுப் பாருங்கள். கமகம் நிறைந்த ஒரு வரி, கிளிக் இல்லாமல் பாடிய ஒரு வரி, கும்கி வரும் ஓர் ஆவர்த்தனம். இவை மூன்றும் எந்த மென்பொருளில் உங்கள் கையில் குழப்பமில்லாமல் வருகின்றனவோ, அது உங்களுக்குச் சரி. நான் சொன்ன வரிசை உங்களுக்குத் தலைகீழாகவும் வரலாம்.

மூன்று பேர் மூன்று மென்பொருளில் இருந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். எங்கள் குழுவில் அப்படித்தான் இருக்கிறது. கீபோர்டு நண்பர் லாஜிக்கை விடமாட்டார், தம்பி ரீப்பரில் பதிவு செய்கிறான். நாங்கள் வைத்துக்கொண்ட ஏற்பாடு இது: ஒவ்வொரு டிராக்கும் பாட்டின் பூஜ்ஜியத்திலிருந்தே தொடங்கும் ஒரே நீள வேவ் கோப்பாக வரும், 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். அதனோடு டெம்போ வரைபடம் உள்ள ஒரு மிடி கோப்பு. சுருதித் திருத்தம் எதுவும் செய்யாத மூலக் குரல் தனிக் கோப்புறையில், யாரும் அதைத் தொடுவதில்லை. ஞாயிறு மாலை முகாமுக்குக் கிளம்பும் முன் தம்பி தன் இரண்டு மைக் கோப்புகளையும் அனுப்பிவிடுவான். அன்றிரவே அக்காவின் குரலுக்குக் கீழே அவற்றை வைத்து, அந்தச் சாய்வு தெரிகிறதா என்று கேட்டுவிட்டுத்தான் படுப்பேன்.